வால் முந்திப் போகும் மீன்

ஊர் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. வலது கால் கட்டைவிரல் நகத்துக்கடியில் பர்மாவின் மார்த்தபான் வளைகுடாச் சேறு இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. நினைவாக இருக்கட்டும் என்று விட்டு வைத்தேன் என எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் ஊசியால் எடுக்கப் பார்த்தேன், வரவில்லை.

நான் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவள். ரங்கூனில் என் சின்னம்மா குடும்பம் இருக்கிறது. 1964க்குப் பிறகு மற்றவர்களெல்லாம் கப்பல் ஏறியபோது ஏறாமல் நின்றுவிட்டவர்கள். பர்மா போகிறேன் என்றதும் பள்ளியில் எல்லோரும் பகோடா பார்க்கவா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஒரு மீனைப் பார்க்கப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். அதுவும் எங்கள் ஊர்க் கழிமுகத்திலேயே கிடைக்கும் மீன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது உப்பாற்றை ஒட்டிய எங்கள் சம்பா வயலில் அப்பாவின் மண்வெட்டி ஒரு பாம்பை இரண்டாக்கியது. கையில் எடுத்துப் பார்த்த அப்பா, "பாம்பில்லை, செவுள் இருக்கிறது" என்று சொல்லி, பாவம் செய்துவிட்டவர்போல அதை வாய்க்காலில் விட்டார். செத்த மீனை வாய்க்காலில் விட்டு என்ன பயன்? அதற்குப் பிறகு அந்த மீனை உயிரோடு நான் பார்த்ததே இல்லை. போன தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசிய சின்னம்மா மகன், தட்டோன் கடற்கரையில் ஒரு தாத்தா சேற்றுக்குள் கைவிட்டுப் பாம்பு பிடிக்கிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னான். அந்தப் பாம்பு விலாங்கைத்தான் சொல்கிறான் என்று புரிந்துகொண்டேன். மறுநாள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தேன்.

இனி வருவது அங்கே இரவுகளில் நோட்டில் கிறுக்கியது.

19 ஜனவரி 2019, சனி. ரங்கூன்

சின்னம்மா வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்குகிறது, நுனியில் காகிதம் கவ்வும் கிளிப். பேப்பர்காரர் செய்தித்தாளை அதில் மாட்டிக் கயிற்றை இழுக்கிறார், மேலே மணி அடிக்கிறது, சின்னம்மா தூக்கிக்கொள்கிறார். கீரையும் இப்படித்தான் மேலேறுகிறது, மாத்திரையும் இப்படித்தான். எழுபத்திரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் படி இறங்குவாராம். மற்றதையெல்லாம் கயிறு பார்த்துக்கொள்கிறது.

சின்னம்மா பேசும் தமிழில் காரைக்குடி அப்படியே இருக்கிறது. அவர் மகன் பேசும் தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் பர்மியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவனுக்குப் பர்மியப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. நான் தம்பி என்றே கூப்பிட்டேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு அவன் என்னை சன்ப்யா மீன் சந்தைக்கு அழைத்துப் போனான். நனையாமல் உள்ளே போய் நனையாமல் வெளியே வந்தவர் யாரும் இருக்க முடியாது. கூடை தூக்கிகள் வழி கேட்பதில்லை, ஒரு விசில், அதற்குள் நாம் ஒதுங்கியாக வேண்டும். பர்மியத்தில் மீனுக்கு 'ஙா' என்று பெயர். எந்தத் தட்டைக் காட்டிக் கேட்டாலும் பதில் ஙாவில் தொடங்குகிறது. அரிச்சுவடியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் நம் 'ங'வுக்கு இந்த ஊரில் ஓய்வே இல்லை.

ஒரு மூலையில் பிளாஸ்டிக் தொட்டி நிறைய நெளிந்துகொண்டிருந்தது. கன்னத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைக் குழம்பு பூசிய பெண் ஒன்றை அலட்சியமாகத் தூக்கிக் காட்டி "ஙாஷின்" என்றாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கிட்டே போய்ப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அது நன்னீர்ச் சேற்று விலாங்கு. தொண்டைக்கடியில் ஒரே ஒரு செவுள் பிளவு, மார்புத் துடுப்பு இல்லை. உருவம் மட்டும்தான் விலாங்கு, உண்மையான விலாங்கு இனத்தோடு அதற்கு உறவே கிடையாது. உயிரோடு பெட்டி பெட்டியாகச் சீனாவுக்குப் போகிறது என்றான் தம்பி. நான் ஏமாந்த முகத்தோடு நிற்பதைப் பார்த்து அந்தப் பெண் விலையைக் குறைத்தாள். மீன் பிடிக்காததால் முகம் வாடவில்லை, விலை பிடிக்காததால் என்று நினைத்திருப்பாள்.

திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் 'தொஷே'. நம் தோசைதான், கடல் கடந்து பெயர் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. அரிசி மாவை முறுகலாக ஊற்றி உள்ளே வேகவைத்த கடலை, தக்காளி, முட்டைக்கோஸ், புதினா. ஒன்று 500 கியாட், நம் காசில் இருபத்துநான்கு ரூபாய்க்குள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தோசைக்குள் முட்டைக்கோஸ் வைப்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

20 ஜனவரி, ஞாயிறு. தட்டோன்

பஸ்ஸில் ஆறு மணி நேரம். முழு நேரமும் திரையில் பாட்டு, ஒலி குறைக்கும் பொத்தான் ஓட்டுநரிடம், ஓட்டுநரோ பாட்டின் ரசிகர். சித்தாங் பாலத்தைத் தாண்டும்போது மட்டும் ஜன்னலோரம் நகர்ந்தேன். கீழே ஆறு டீயின் நிறத்தில் அகலமாகக் கிடந்தது. இந்த ஆற்று வாயில் கடல் ஏற்றம் சில நாள்களில் சுவர்போல எழும்பி, ஆற்றை எதிர்த்து உள்ளே ஓடி வருமாம். புனல்போல வாய் அகன்று அடி குறுகும் வளைகுடா என்பதால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஆறேழு மீட்டர். எங்கள் கோடியக்கரையில் ஒரு மீட்டர் வந்தாலே ஊர் பேசும்.

தம்பியின் நண்பருடைய அத்தை வீடு, தட்டோனிலிருந்து கடல் பக்கமாக உள்ள கிராமத்தில். இருபது தமிழ்க் குடும்பங்கள் இருக்கலாம். எனக்காகக் கட்டிலில் புதுத் தலையணை உறை போட்டு, கொசுவலை கட்டி, தரையில் தண்ணீர்ச் செம்பும் வைத்திருந்தார் அத்தை. சாப்பாட்டில் புளிச்சக்கீரை. அதற்கு இங்கே சின்பவுங் என்று பெயர். இறாலும் பச்சைமிளகாயும் சேர்த்து வதக்கியது. அந்தக் கீரைக்காக மட்டுமே இந்த நாட்டுக்குக் குடிவரலாம்.

எட்டு மணிக்கு ஊர் அலுவலர் வந்தார். செருப்பைப் படியில் கழற்றி உட்கார்ந்து, தேநீர் குடித்து, "சாப்பிட்டாயிற்றா?" என்று என்னைக் கேட்டு, வேதாரண்யம் எவ்வளவு தூரம் என்று விசாரித்து, அரை மணி கழித்து மிகுந்த வருத்தத்தோடு விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும், வீட்டில் தங்கக் கூடாது, தங்கினால் அத்தைக்குத்தான் தொல்லை. இவ்வளவு பணிவோடு யாரும் என்னை வீட்டைவிட்டு அனுப்பியதில்லை. பெட்டியை அவரே தூக்கிவந்து மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

இருட்டில் தட்டோனுக்குத் திரும்பினோம். முதல் விடுதியில் வெளிநாட்டவருக்கு உரிமம் இல்லை. இரண்டாவதில் இருந்தது, அந்த உரிமத்தின் விலையையும் சேர்த்து 25 டாலர் வாங்கிக்கொண்டார்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் காற்று வந்தது.

தூக்கம் வராமல் கொண்டுவந்த குறிப்புகளை மறுபடி படித்தேன். மீனின் பெயர் பிசோடொனோஃபிஸ் போரோ. முன்பாதிக்குக் கிரேக்கத்தில் 'பட்டாணிப் பல் பாம்பு' என்று பொருள், பற்கள் குத்தும் ஊசிகளாக இல்லாமல் மழுங்கிய மணிகளாக இருப்பதால் வந்த பெயர். பின்பாதியைக் கொடுத்தவர் பிரான்சிஸ் புக்கானன்-ஹாமில்டன், 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோது. அதே மனிதர் 1795இல் மைக்கேல் சைம்ஸ் தலைமையில் பர்மிய மன்னரின் ஆவா அரசவைக்கு வந்த ஆங்கிலத் தூதுக்குழுவில் மருத்துவராக ரங்கூனில் வந்திறங்கியவர். அவருக்கு விடுதி உரிமம் கேட்டார்களோ என்னவோ.

ஒரு மீட்டர் வரை வளரும். கழிமுகம், காயல், கடலோரச் சேறு எல்லாம் வீடு. மழைக்காலத்தில் வயல்களில் ஏறிவந்து இனப்பெருக்கம் செய்யும், அதனால் ஆங்கிலத்தில் இதை நெல்வயல் விலாங்கு என்பார்கள். பாம்பு விலாங்குக் குடும்பத்தின் பெரும்பாலான மீன்களைப்போல இதற்கும் வால் நுனியில் துடுப்பு கிடையாது. அங்குள்ள எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தோல் இறுகி, கடப்பாரை முனைபோல ஆகியிருக்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2007இல் இந்த மீனின் தலையையும் வாலையும் அக்கக்காகப் பிரித்துப் பார்த்து எழுதினார்கள். தலையை முன்விட்டும் புதையும், வாலை முன்விட்டும் புதையும், இரண்டு வேலைக்கும் உடம்பு தயாராக இருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் விலாங்கு என்று நம்மூரில் இரண்டு பக்கமும் பேசுகிறவனைத் திட்டுவோம். இந்த விலாங்கு வாலை யாருக்கும் காட்டுவதில்லை. அந்தப் பழமொழி குளத்து விலாங்கைப் பார்த்துச் சொன்னது என்று இரவு ஒரு மணிக்குத் தோன்றியது.

21 ஜனவரி, திங்கள். தைப்பூசம்

நாள் குறித்துத்தான் வந்திருந்தேன். பௌர்ணமி, அதுவும் நிலா பூமிக்கு மிக அருகில் வரும் பௌர்ணமி. இதற்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். சேறு வெகுதூரம் வெளியே தெரியும். அதே நாள் தைப்பூசமாகவும் அமைந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை, பூசம் எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தானே வரும். இன்று முழுச் சந்திர கிரகணமும் உண்டு, ஆனால் பர்மாவில் அது நடுப்பகலில் நடக்கிறது. நிலா காலடிக்குக் கீழே எங்கோ சிவந்துகொண்டிருக்கும்போது நாங்கள் பால்குடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோயில் மிகச் சிறியது, தகரக் கூரை. பதினேழு பால்குடங்கள் எண்ணினேன். அதில் நான்கைந்து பெண்கள் பர்மியர்கள், தனக்காவின் மேல் திருநீறு. பூசாரி தமிழில் அர்ச்சனை செய்து பர்மியத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தினார். அன்னதானத்தில் சாம்பார், அப்பளம், பக்கத்திலேயே ஒரு கிண்ணத்தில் மொய்ங்கா, மீன்சாற்றில் போடும் பர்மிய நூடுல்ஸ், ஆனால் மீனில்லாமல். கோயில் என்பதால் மீனை விட்டார்களாம், சாற்றை விட மனமில்லை.

அங்கேதான் அந்தத் தாத்தா இருந்தார். எண்பதைத் தொடும் வயது, லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். வெற்றிலையில் சிவந்த வாய். ராமநாதபுரத்திலிருந்து உழவு வேலைக்கு வந்த அப்பாவுக்கு இங்கே பிறந்தவர். அந்தக் காலத்தில் கீழ்ப் பர்மாவின் நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு வயல் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. உழுதவர்களில் பலர் நம் ஆட்கள். சுதந்திரத்துக்குப் பின் நிலம் அரசுடைமையானது, போர்க்காலத்தில் பாதிப் பேர் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், அறுபதுகளில் மீதியில் பாதி. "நிலம் எங்கள் பெயரில் ஒருநாளும் இருந்ததில்லை தாயி, கால்தான் அதில் இருந்தது" என்றார்.

நான் வந்த காரியத்தைத் தம்பி சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விலைக்கா?"

"இல்லை தாத்தா, பார்க்க."

"பார்த்து?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல என்றேன். அவருக்கு அது சரியாகப் பட்டிருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். செருப்பு வேண்டாம், புடவை வேண்டவே வேண்டாம்.

மாலையில் வயல்வெளியில் நடந்தோம். அறுவடை முடிந்து தாளடி காய்ந்து வெடித்திருந்தது. இங்கே இப்போது தோண்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு எலி என்றார் தாத்தா. மழை விட்டு வயல் வற்றும்போதே விலாங்கு வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பிவிடுமாம். மாதம் தவறி வந்திருக்கிறேனோ என்று கேட்டேன். "வயலில் பார்க்க வேண்டுமென்றால் ஆடியில் வா. ஆனால் ஆடியில் வந்தால் வயலும் தெரியாது, வழியும் தெரியாது" என்றார்.

22 ஜனவரி, செவ்வாய். சேறு

குளிர். மூச்சு புகைந்தது. அத்தையின் மருமகள் தன் சுடிதார் ஒன்றைக் கொடுத்தாள் என்று எழுதவே கை கூசுகிறது, அவ்வளவு இறுக்கம். டோலாஜி என்று இவர்கள் சொல்லும் கைடிராக்டர் வண்டியில் வரப்பு வழியே முக்கால் மணி நேரம். முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியே இறங்கி ஏறியது.

நிலம் திடீரென முடிந்தது. கரை என்று சொல்ல முடியாது, கத்தியால் வெட்டிய அப்பம்போல ஓர் ஆள் உயரத்துக்கு நின்ற மண்சுவர். விளிம்பில் பாதி வேர் அந்தரத்தில் தொங்க ஒரு பனை. அதற்குக் கீழே, அடிவானம் வரை, சாம்பல் நிறத்தில் பளபளக்கும் சேறு. கடல் எங்கே என்று கேட்டேன். போயிருக்கிறது என்றார் தாத்தா, பக்கத்து ஊருக்குப் போன மகனைச் சொல்வதுபோல.

சேற்றில் நடப்பது ஒரு படிப்பு. குதிகால் ஊன்றக் கூடாது, நிற்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. நான் மூன்றையும் செய்தேன். இருபதாவது அடியில் முழங்கால் வரை போனது. காலை இழுத்தேன், கால் வந்தது, அவர் பேச்சைக் கேட்காமல் போட்டுக்கொண்டு வந்த ரப்பர் செருப்பு வரவில்லை. தாத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் போய்க்கொண்டே, "இன்னொன்றையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்" என்றார்.

இந்தச் சேற்றுவெளிக்கு 2017இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்திருக்கிறது. உலகில் சில நூறுகளாகக் குறைந்துபோன கரண்டிமூக்கு உள்ளான் குளிர்காலத்துக்கு அதிகமாக இறங்கும் இடம் இதுதான். தூரத்தில் பறவைக் கூட்டம் புகைபோலச் சுழன்றது. அதில் கரண்டிமூக்கு எது, சாதா மூக்கு எது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் வலைபோட்டுப் பிடித்துத் தின்றோம், இப்போது விட்டுவிட்டோம் என்றார் தாத்தா. சுவையாக இருக்குமா என்று தம்பி கேட்டான். எலும்புதான் என்றார். காலடியில் உளுவைகள் துடுப்பை ஊன்றித் துள்ளி, எங்களைப் பார்த்துக் கண்ணை உள்ளிழுத்துக்கொண்டன.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. தாத்தா கையில் நுனி வளைந்த இரும்புக் கம்பி, நண்டு வளைக்கு. நண்டு மட்டும் ஐந்து பிடித்தார், ஒவ்வொன்றையும் நாரால் கட்டி இடுப்புக் கூடையில் போட்டார். பிறகு ஓரிடத்தில் நின்று என்னைக் கையால் அமர்த்தினார். எனக்குச் சேறுதான் தெரிந்தது.

"எங்கே?"

"கண்ணுக்கு நேரே."

விரல் நுழையும் அளவு ஒரு துளை. வாயோரம் மட்டும் எண்ணெய் பூசியதுபோல வழவழப்பு. துளைக்குள், சேற்று நிறத்திலேயே, ஒரு மூக்கு. மேலுதட்டிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு சிறு குழாய்கள்தான் மூக்குத் துளைகள் என்று எனக்குப் பாடத்தில் தெரியும். கடுகளவு கண், வாய்க்கு மிக அருகில். அது என்னைப் பார்த்ததா தெரியாது. நான் மூச்சை விட்டேன், துளை காலியாக இருந்தது.

தாத்தா இரண்டு கையாலும் தோண்டினார். முழங்கை வரை, பிறகு தோள் வரை. வரவில்லை. இரண்டாவது துளையிலும் அப்படியே. "இவன் திரும்புவதில்லை தாயி. பாம்பு என்றால் உள்ளே போகத் திரும்ப வேண்டும். இவனுக்கு முதுகுப்பக்கமும் வழிதான்" என்றார். கென்ட் பல்கலைக்கழகத்தின் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது, படம்தான் இல்லை.

மூன்றாவதில் அவர் துளையைத் தொடவே இல்லை. இரண்டு முழம் தள்ளி, பக்கவாட்டில் குழி வெட்டிக்கொண்டு வந்தார். தம்பியைத் துளைக்கு மேல் காலால் மிதிக்கச் சொன்னார். மிதித்ததும் அது பின்வாங்கியது, பின்வாங்கியது நேரே அவர் கைக்குள்.

இரண்டரை அடி. முதுகு பாசி கலந்த பழுப்பு, வயிறு வெளிறிய மஞ்சள். செதில் இல்லை. சிறு மார்புத் துடுப்பு இரண்டு, அவற்றைத் தாண்டிச் சற்றுப் பின்னால் முதுகுத் துடுப்பு தொடங்கியது. அதைத்தான் முதலில் தேடினேன். இதன் பங்காளியான நண்டுதின்னி விலாங்குக்கு முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பின் நேர் மேலேயே தொடங்கிவிடும். சந்தேகமில்லை, போரோதான். விரல் நுனியால் வாலைத் தொட்டேன். எருமைக் கொம்பின் முனை.

அப்பாவின் மண்வெட்டி நினைவுக்கு வந்தது. அதைத் தனியாக வைத்து எழுத இங்கே இடமில்லை.

"விட்டுவிடுங்கள் தாத்தா, போவதைப் பார்க்க வேண்டும்."

ஈரச் சேற்றின் மேல் வைத்தார். ஒரு நொடி அசையாமல் கிடந்தது. பிறகு வால் நுனி மட்டும் தனியாக யோசிப்பதுபோல இங்குமங்கும் தட்டிப் பார்த்தது, ஓரிடத்தில் குத்தியது, உடம்பு அலையலையாக அதன் பின்னால் இறங்கியது. ஊசி துணிக்குள் போனபின் நூல் போவதுபோல. பத்து எண்ணவில்லை. கடைசியில் முகம் மட்டும் மேலே இருந்தது. நான் கைபேசியை எடுத்துச் சேற்றுக் கையால் திரையைத் துடைத்துத் திறப்பதற்குள் அதுவும் இல்லை. ஆகவே புகைப்படம் கேட்காதீர்கள். சேற்றின் படம் இருக்கிறது, மிகத் தெளிவாக.

தாத்தா சுற்றிலும் பார்த்துவிட்டு, கொஞ்ச தூரத்தில் மீன்வலைக்கு நட்டிருந்த மூங்கில் ஒன்றைக் காட்டினார். "அதற்கும் இந்தப் பக்கம், நாம் நிற்கும் இடத்தை ஒட்டி. எங்கள் அப்பா உழுத வயல்."

நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். பனை கட்டைவிரல் உயரத்தில் தெரிந்தது. வளைகுடாவின் கரை ஒரு பக்கம் தின்னும், சில வருடம் கழித்து இன்னொரு பக்கம் துப்பும். சித்தாங் வாயின் இரு கரையிலும் ஊர்கள் இடம்பெயர்ந்தது பற்றிப் படித்திருந்தேன். தாத்தாவின் குடும்பம் மூன்று முறை வீட்டைப் பிரித்துக் கட்டியிருக்கிறது. வயல் போய்விட்டதே என்றேன்.

"எங்கே போகும்? அங்கேயேதான் இருக்கிறது. மேலே தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான்." வெற்றிலையைத் துப்பினார். "வரப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்துவிடுகிறான் என்று அப்பா இவனைக் கம்பியோடு துரத்துவார். இப்போது யார் துரத்துகிறார்கள்?"

பிறகு பேச்சை நிறுத்திக் காதைக் கடல் பக்கம் திருப்பினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கூடையை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார், வந்ததைவிட வேகமாக. பாதி வழியில்தான் எனக்கும் கேட்டது, தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் நின்ற இடம் வெள்ளியாக மின்னியது. நான் விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். கரைச்சுவரில் தம்பி என் கையைப் பிடித்து இழுத்தபோது ஒரு சிப்பி முழங்காலைக் கிழித்தது. பனை மரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மூங்கிலின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தது.

மதியம் அத்தை வீட்டில் விலாங்குக் குழம்பு. விட்டதல்ல, காலையில் வேறு யாரோ கொண்டுவந்தது. அடுப்புச் சாம்பலைத் தேய்த்து வழவழப்பைப் போக்கி, துண்டு போட்டு, புளியும் நப்பி என்னும் புளிக்கவைத்த மீன் விழுதும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்தது. பார்க்க வந்த உயிரைத் தின்னலாமா என்று ஒரு நிமிடம் தயங்கினேன். பசி அந்தக் கேள்வியை ஒதுக்கிவைத்தது. முள் அதிகம், சதை இனிப்பு. இரண்டாம் முறை சோறு வாங்கினேன்.

தாத்தாவிடம் பணம் கொடுக்கப் போனேன். நண்டுக்கு மட்டும் விலை சொன்னார், 12,000 கியாட், ஐந்தையும் என் கையில் கொடுத்தார். மீன் காட்டியதற்கு ஒன்றும் வாங்கவில்லை. விடுதி அறையில் ஐந்து உயிர் நண்டுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஊர் அலுவலரிடம் கொடுத்தேன். அவர் மிகுந்த பணிவோடு பெற்றுக்கொண்டார்.

23 ஜனவரி, புதன். மோல்மீன்

உடம்பில் அசையும் பாகம் எதுவும் அசைய மறுத்தது. 1827 முதல் 1852 வரை ஆங்கிலேயப் பர்மாவின் தலைநகராக இருந்த ஊர், தன்லுவின் ஆறு, மலைமேல் பகோடா, எல்லாவற்றையும் ஆற்றங்கரை டீக்கடையின் ஒரே நாற்காலியிலிருந்து பார்த்து முடித்தேன். டீ 400 கியாட், கூடவே சீனத் தேநீர் இலவசமாகக் கூஜாவில். முழங்காலுக்கு மருந்து போட்ட கடைக்காரப் பெண் காசு வாங்க மறுத்து, எப்படி அடிபட்டது என்ற கதையை வாங்கிக்கொண்டாள். தம்பி பர்மியத்தில் சொன்ன கதையில் நான் விழுந்த எண்ணிக்கை இரண்டு மடங்காகியிருந்தது என்பது அவள் சிரிப்பிலிருந்து தெரிந்தது.

24 ஜனவரி, வியாழன். தன்பியூசாயாட், சியாக்கமி, செட்சே

வாடகைக் காரில் தெற்கே. தன்பியூசாயாட்டில் போர்க் கல்லறையின் புல் கத்தரித்த வரிசைகள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் செத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், பெரும்பாலோருக்குப் பெயர், வயது, பூச்செடி. அதே தண்டவாளத்துக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டுச் செத்த தமிழர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. தோட்டக்காரர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். தம்பி ஒன்றும் பேசவில்லை, நானும்தான்.

சியாக்கமியில் பாறைமேல் பகோடா, ஏற்றத்தில் படிகள் மூழ்கிவிடும். நாங்கள் போனபோது நீர் படியை நக்கிக்கொண்டிருந்தது. செட்சே கடற்கரை சவுக்குத் தோப்போடு எங்கள் ஊரைப் போலவே இருந்தது, நிறம் மட்டும் பழுப்பு. வறுத்த நெத்திலி ஒரு பொட்டலம் 1,000 கியாட். அலையோரம் உட்கார்ந்து தின்றேன். விலாங்குகளின் குஞ்சு பிறக்கும்போது விலாங்குபோல இருக்காது. கண்ணாடியில் செய்த இலைபோலத் தட்டையாக, உள்ளே இருப்பதெல்லாம் தெரிய, நீரோட்டத்தில் மிதந்து திரியும், பிறகுதான் சுருங்கி உருண்டு மண்ணைத் தேடும். வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது ஒரு பிள்ளை நம்ப மாட்டேன் என்பான். அந்தப் பழுப்பு நீரில் கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். மணலும் ஒரு பிளாஸ்டிக் மூடியும்.

மாலை நான்கு மணிக்குத் தம்பியின் கைபேசி அடித்தது. வெகுநேரம் பர்மியத்தில் சிரித்துப் பேசிவிட்டு வைத்தான். கிராமத்திலிருந்து அத்தை. இன்று வற்றத்தில் தாத்தா போனபோது என் செருப்பு மேலே வந்து கிடந்ததாம், அவர் அப்பாவின் வயலுக்குள்ளேயே. கழுவி, மூங்கிலில் கட்டி வைத்திருக்கிறாராம், ஆடியில் வரும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னாராம்.

மற்ற செருப்பை நான் தட்டோன் விடுதியிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டிருந்தேன்.